பெஞ்சு என்று சொன்னவன் நான்

கண்ணு,

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும் அதே ஞாயிற்றுக்கிழமை நம் சபையின் மாத மடலிலும் அச்சாகி, ஆராதனை முடிந்து வெளியே வருகிற எல்லார் கையிலும் இருக்கும். மகனுக்கு எழுதுவதை ஊருக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்று நீ கேட்பாய். உனக்கு மட்டும் எழுதினால் நீ 'உடுங்கப்பா, போனது போகட்டும்' என்று சொல்லிவிடுவாய். நானும் விட்டுவிடுவேன். என்னை எனக்கு அறுபத்தெட்டு வருடமாகத் தெரியும். அதோடு, இதில் ஊருக்கும் பங்கு இருக்கிறது. நான் ஏமாற்றியவர்களில் அவர்களும் சேர்த்தி.

போன திங்கட்கிழமை உன்னை வழியனுப்ப சேலம் வரை பஸ்ஸில் கூட வந்தேன். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். ஒவ்வொரு வளைவிலும் எதிரே ஒரு லாரியோ டூரிஸ்ட் வேனோ வந்தது, டிரைவர் ஹாரன் அடித்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். ஜன்னலோரம் இருந்த நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'ஏங்கப்பா, வாந்தி வருதுங்களா?' என்று கேட்டுப் புளிப்பு மிட்டாய் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாய். அதை வாயில் போட்டுக்கொண்டேன். சேலத்தில் இறங்கியதும் உன் பெட்டியை எடுத்துக் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் மேலே ஏறிவிட்டேன். மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தேன்.

மடலைப் படிக்கிறவர்களுக்கு உன் வேலை என்னவென்று தெரியாது. அதற்குக் காரணம் நான்தான். நீ கென்யாவில் ஒரு அறக்கட்டளையில் இருக்கிறாய். பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை வெட்டிச் சிதைக்கும் வழக்கத்தை நிறுத்தப் பாடுபடுகிற சிறுசிறு குழுக்களுக்கு அந்த அறக்கட்டளை பணம் கொடுக்கிறது. எந்தக் குழுவுக்குக் கொடுக்கலாம், கொடுத்தது சொன்னபடி செலவானதா என்று பார்த்து எழுதுவது உன் வேலை. இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. வெள்ளக்கடை ஊர் டீக்கடையில் யாராவது 'பையன் அங்க என்னங்க பண்றாப்ல?' என்று கேட்டால், 'பேங்க் மாதிரி ஒரு வேலைங்க' என்பேன். அதை நம்பி ஒருவர் உன் மூலமாக ஜீப் லோன் கிடைக்குமா என்றுகூடக் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அவருக்கும் பதில் சொன்னேன்.

நீ பணம் கொடுத்த குழுக்களில் ஒன்றை நடத்துபவர் நயோமி. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஏறக்குறைய என் வயது. அவருடைய ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே வருடக் கடைசியில் பள்ளிக்கு நீண்ட விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கிற அந்த வாரங்களில்தான் இது நடக்கும். காயம் ஆறிய பிறகு, பள்ளி திறக்கும்போது ஒன்றும் நடக்காதது போல அனுப்பிவிடலாம் பார். நயோமி செய்வது எளிமையான காரியம். பயந்து வருகிற பிள்ளைகளை விடுமுறை முடியும் வரை ஒரு வாடகை வீட்டில் தங்க வைத்துச் சோறு போடுவார். அதே வாரங்களில் அவருடைய ஆட்கள் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றவர்களிடம் பேசுவார்கள். அந்தத் தாய்மார்கள் பெற்ற பிள்ளையை வெறுப்பவர்கள் அல்ல, இதைச் செய்யாவிட்டால் மகளுக்குக் கல்யாணம் ஆகாதே என்று பயப்படுகிறவர்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். பேசப் பேச மனம் மாறுகிற வீடுகள் உண்டு. பேசி முடிக்கிற வரை பிள்ளை ஒரு இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடுவீடாகப் போகிறவர்களின் சம்பளத்தையும் போக்குவரத்தையும் உன் அறக்கட்டளை பார்த்துக்கொண்டது. வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நயோமி வேறு இடத்தில் புரட்ட வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன், விளைந்ததைப் படைத்து ஏலம் விடுகிற நம் சபையின் அறுப்பின் பண்டிகை நெருங்கிய சமயத்தில் நீ போன் செய்தாய். 'நம்ம சர்ச் ஏலத்துல ஒரு பொருளை இதுக்குனு ஒதுக்க முடியுங்களாப்பா?' என்று கேட்டாய். மூன்று நாள் மாலையில் எனக்குப் பாடம் நடத்துவது போல எல்லாவற்றையும் விளக்கினாய். கடைசியில், 'நான் இதுல கை வெக்கக் கூடாதுங்கப்பா, எங்க ஆபீஸ் ரூல் அப்படி. நீங்களே நேரா அவங்களோட பேசி அனுப்பிருங்க' என்று சொல்லி நயோமியின் நம்பரைக் கொடுத்தாய். சரி சாமி என்றேன். நான் சொன்னதில் உண்மையாக இருந்தது அந்த ஒரு 'சரி' மட்டும்தான்.

ஏலம் என்றால் இருபது வருடமாக நான்தான் என்பது உனக்குத் தெரியும். சபையார் கொண்டுவந்து படைக்கிற பூசணி, ஆரஞ்சு, மிளகு, பட்டர் ஃப்ரூட், காலைக் கட்டிய சேவல் எல்லாவற்றையும் பந்தலில் வைத்து ஏலம் போடுவேன். கடையில் பத்து ரூபாய்க்கு விற்கிற பொருளை இரண்டு குடும்பங்களின் ரோஷத்தைக் கிளப்பியே ஆயிரத்துக்கு ஏற்றிவிடுவேன். மைக் கையில் இருந்தால் எனக்குக் கூச்சமே கிடையாது என்று ஊரில் பேர். அந்த வருடம் நம் வீட்டுப் பின்னால் வெட்டிய பெரிய வாழைத்தாரை உன் காரியத்துக்கென்று ஒதுக்கியிருந்தேன். கிளம்பும்போதே உன் அம்மா, 'ஏனுங்க, அது எதுக்குனு நான் சொல்லட்டுங்களா? ரெண்டு நிமிசம் போதுமுங்க' என்று கேட்டாள். மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். அவளுக்கு அந்த வார்த்தைகள் ஊசி, மருந்து, கட்டு மாதிரிச் சாதாரண வார்த்தைகள். 'பொம்பளை மைக்குல அதைச் சொன்னா நல்லாவா இருக்கும்? நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்' என்றேன். என்னுடைய பக்குவம் எப்படிப்பட்டது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

வாழைத்தாரைத் தூக்கி வைத்தார்கள். மைக்கை எடுத்தேன். முன்வரிசையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், அடுத்து பெண்கள் சங்கத்தார், அதற்கும் பின்னால் என்னோடு வேலை செய்த ஆட்கள், ஓரமாக நாற்காலி போட்டு ஆயர். 'இந்தத் தார் ஆப்பிரிக்காவுல இருக்கற பெண் பிள்ளைங்களுக்காக' என்று தொடங்கினேன். 'எதுக்குன்னு கேட்டீங்கன்னா' என்று சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சு என் கண்ணில் பட்டது. 'பள்ளிக்கூடத்துல உக்காரப் பெஞ்சு இல்லீங்க, பெஞ்சு வாங்கித் தரப் போறோம்' என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வாழைத்தார் போன மாதிரி அன்றைக்கு வேறெதுவும் போகவில்லை. காப்பி எஸ்டேட்டில் என் கீழ் பழம் பறித்த ஞானம்மா எழுந்து நின்றார். 'நாங்கெல்லாம் மண்ணுல குந்திப் படிச்சமுங்க, அதுவும் ரெண்டாப்போட நின்னு போச்சு. அந்தப் புள்ளைங்களாச்சும் பெஞ்சுல உக்காரட்டும்' என்று சொல்லி விலையை ஏற்றினார். அவருக்குப் பின்னால் இருந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்கள். எதிர்த்து ஏலம் கேட்ட கரடியூர்க்காரர் ஒருவர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் நன்றாகத்தான் சமாளித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் ஒரு அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். பணத்தை அனுப்பியதும் நயோமியிடமிருந்து செய்தி வந்தது. ஆயிரம் நன்றி சொல்லிவிட்டு, விடுமுறை வீட்டுக்கு வாடகை பேசிவிட்டதாகவும், பிள்ளைகளுக்கு மாவும் பருப்பும் வாங்கப் போவதாகவும் எழுதியிருந்தார். அடுத்த ஏலத்தில் 'பெஞ்சு என்னாச்சுங்க?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? சபைக் கமிட்டியில் போய் உண்மையைச் சொல்லி, இது பெஞ்சுக்கு அல்ல என்று மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். ஆயர் மறுத்திருக்க மாட்டார். ஆனால் பந்தலில் சொல்லாமல் விட்ட அதே வார்த்தையைக் கமிட்டி மேஜையில் சொல்ல வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. இங்கிலீஷில் பதில் தட்டினேன்: எங்கள் சபையார் இதைப் பள்ளிப் பெஞ்சுக்கென்றே கொடுத்திருக்கிறார்கள், வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம் என்று கமிட்டி விரும்புகிறது, பெஞ்சில் சபையின் பெயரை எழுதி ஒரு போட்டோ அனுப்பினால் நல்லது. கமிட்டி அப்படி எதையும் விரும்பவில்லை. கமிட்டிக்கு அப்படி ஒரு கேள்வியே போகவில்லை. நயோமி மறுபடி ஒரு முறை, மிகவும் மரியாதையாக, பாதியையாவது வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மன்னிக்கவும் என்று எழுதினேன்.

பெஞ்சு வந்தது. போட்டோவும் வந்தது. பச்சை பெயின்டில் நம் சபையின் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு நம் வீட்டு முன்னறையில் மாட்டினேன். விடுமுறை வீடு மூன்றாம் வாரமே மூடப்பட்டது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

பிப்ரவரியில் நீ போன் செய்தாய். உன் குரலில் அவ்வளவு கோபத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. 'நொம்ப ஏமாத்தமா இருக்குதுங்கப்பா. வீட்டுக்குனு வாங்குன காசுல பெஞ்சு வாங்கி, சர்ச் பேரை எழுதி வெச்சிருக்கறாங்க. கேட்டா, சூழ்நிலை அப்படி ஆயிருச்சுங்கறாங்க, வேற ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாங்க' என்றாய். பிறகு கொஞ்சம் தயங்கி, 'நீங்க ஏதாச்சும் பெஞ்சுனு சொன்னீங்களாப்பா?' என்று கேட்டாய். நீ நேராகவே கேட்டாய். 'இல்லையே சாமி. நாங்க பொதுவாத்தான் குடுத்தோம், எப்படிச் செலவு பண்றதுங்கறது அவங்க இஷ்டம்' என்றேன். உடனே வந்தது அந்தப் பதில், யோசிக்கவே இல்லை. நீ என்னை நம்பினாய். நம்பித்தான் அந்த அறிக்கையை எழுதினாய். சொன்னபடி செலவு செய்யாத குழு என்று எழுதி, அடுத்த வருடத்துக்கான பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று பின்னால் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாய். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எஸ்டேட்டில் நான் ரைட்டராக, ஆட்களின் பேரேடு எழுதுகிற குமாஸ்தாவாக, இருந்தபோது, உடம்புக்கு முடியாதவர்கள் என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். என்ன நோவு என்று சீட்டில் எழுத வேண்டியது நான். ஆண்கள் வந்தால் கால் வீக்கம், குளிர் காய்ச்சல், அட்டை கடித்த புண் என்று விவரமாக எழுதுவேன். பெண்கள் வந்தால் அவர்கள் தரையைப் பார்ப்பார்கள், நான் நோட்டைப் பார்ப்பேன், 'வயிற்று வலி' என்று எழுதிக் கிழித்துக் கொடுப்பேன். எந்தப் பெண் வந்தாலும் வயிற்று வலிதான். கம்பவுண்டரும் சீட்டைப் பார்த்து வயிற்று வலி மாத்திரை கொடுத்து அனுப்புவார். அப்படிச் சீட்டு வாங்கியவர்களில் ஒருவர் ஞானம்மா. நாலாவது பிரசவத்துக்குப் பிறகு அவருக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. அதோடு பழ மூட்டையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கியிருக்கிறார், கையில் என்னுடைய சீட்டை வைத்துக்கொண்டு. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். ஞானம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று உன் அம்மா டியூட்டி முடிந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் என் முன்னால் நின்றாள். 'உங்க சீட்டுல வயித்து வலினு எழுதியிருக்குதுங்க. மூணு வருசத்துச் சீட்டு, மடிச்சு மடிச்சு வெச்சிருக்கறாங்க. இந்த மாதிரி எத்தனை பேருக்குங்க எழுதிக் குடுத்திருக்கறீங்க?' என்று கேட்டாள். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் உன்னைக் காட்டி, பையன் இருக்கும்போது இதென்ன பேச்சு என்றேன். அடுத்த நாள் முதல் சீட்டில் 'பெண்கள் நோவு' என்று எழுதத் தொடங்கினேன். அதையே பெரிய முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெறும் வரை அப்படித்தான் எழுதினேன்.

இந்த மே மாதம் நீ லீவில் வருகிறாய் என்று தெரிந்ததும் அந்தப் பெஞ்சு போட்டோவைக் கழற்றி பீரோவுக்கு மேலே வைத்தேன். 'நல்லா இருக்கற படத்தை எதுக்குங்க கழட்டறீங்க?' என்று உன் அம்மா கேட்டாள். சுவர் ஈரம் என்றேன். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிற வண்டிகளால் ரோடு முழுக்க நெரிசலாக இருந்த அந்தக் காலையில், தோசை சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னாய்: 'நயோமி மறுபடியும் அப்ளிகேஷன் போட்டிருக்கறாங்கப்பா. போன லீவுல வாடகை வீடே தொறக்கலையாம். அவங்க ஊட்டு முன்னறையில எடம் இருக்கற வரைக்கும் புள்ளைங்களை வெச்சிருந்தாங்களாம். பாவமாத்தான் இருக்குது. ஆனா பழைய ரெக்கார்டு அப்படி. எழுதுனதே நானு, இப்ப நானே எப்படி மாத்தறது?' உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் உன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தேன்.

நீ போன பிறகு நயோமிக்கு போன் செய்தேன். ஒன்றரை வருடத்தில் அவர் குரலை முதல் முறையாகக் கேட்டேன். அன்றைக்கு நான் எழுதியது பொய், கமிட்டி எதையும் கேட்கவில்லை என்று சொன்னேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். 'என் மகனிடம் ஏன் சொல்லவில்லை?' என்று கேட்டேன். எனக்கும் மகன்கள் இருக்கிறார்கள், 'உன் அப்பாதான் சொன்னார்' என்று நான் சொன்னால் உங்கள் மகன் தன் ஆபீஸில் வேலையையும் அப்பாவையும் எதிரெதிரே வைத்து நிற்க வேண்டியிருக்கும், அதை நீங்களே உங்கள் வாயால் சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றார். மூன்றாம் வாரம் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வீட்டை மூடியபோது, மூன்று பிள்ளைகளின் பெற்றோரிடம் இன்னும் பேசி முடிக்கவில்லையாம். எதுவும் செய்ய மாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வீட்டில் வாக்கைக் காப்பாற்றினார்கள். ஒரு வீட்டில் காப்பாற்றவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று பட்டது. இப்போது எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். பிழைத்துக்கொண்டாள், அதே பள்ளியில்தான் படிக்கிறாள் என்றார் நயோமி. பிறகு, பெஞ்சு நல்ல பெஞ்சு, இன்னும் ஒன்றுகூட ஆடவில்லை என்றார். குத்திக் காட்டவில்லை. நான் அனுப்பிய பொருள் வீணாகவில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார். போனை வைத்துவிட்டு வெகு நேரம் அழுதேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டபோது நான் இல்லை என்று சொன்னது அவளுக்கு அது வரை தெரியாது. 'கண்ணுகிட்டயுமா?' என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

எழுதியதை மடலுக்குக் கொடுத்தபோது மடலைத் தொகுக்கிறவர், ரைட்டருங்க, பிறப்புறுப்பு என்று வருகிற வரியை மட்டும் 'ஒரு கொடிய வழக்கம்' என்று மாற்றிக்கொள்ளலாமா, பிள்ளைகள் படிக்கிற மடல் ஆயிற்றே என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னையே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. மாற்றினால் கடிதமே வேண்டாம் என்றேன். ஆயர் அப்படியே போடச் சொன்னார்.

அச்சுக்குப் போகும் முன் ஞானம்மா வீட்டுக்குப் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். 'அது கெடக்கட்டுமுங்க. அன்னைக்கு ஏலத்துல இதைச் சொல்லியிருந்தா நாங்க குடுத்திருக்க மாட்டோம்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?' என்று கேட்டார். 'மூணு வருசம் துணியக் கட்டிக்கிட்டு மூட்டை தூக்குனவளுங்க நானு. அந்தப் புள்ளைங்க வலி எனக்கு வெளங்காதுங்களா? அந்தப் பந்தல்ல இருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்குது. நீங்கதான் எங்களுக்குக் கூச்சம்னு நெனச்சுக்கிட்டீங்க. கூச்சம் உங்களுக்குங்க' என்றார். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பாடத்தில் தப்பைத் திருத்துகிற மாதிரிச் சொன்னார். அந்தப் பெஞ்சுப் படத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது தகுதி இல்லை. ஆனால் கொடுக்கிறவன் பக்கத்தில் இருந்து தப்புச் செய்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வாங்கியவரிடம் ஏன் இப்படிச் செலவு செய்தாய் என்று உன் ஆபீஸ் எத்தனை தரம் வேண்டுமானாலும் கேட்கிறது. கொடுத்தவரிடம் எதற்காக இப்படிக் கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நீ கேட்டாய், அது வரை சரி. ஆனால் அப்பா என்பதால் ஒரே தரம் கேட்டு நிறுத்திவிட்டாய். கொடுக்கிறவனுக்குக் கையால் தொடுகிற மாதிரி ஒரு பொருள் வேண்டும், அதில் தன் பெயர் வேண்டும், நாலு பேர் முன்னால் சொல்கிற மாதிரி ஒரு காரணம் வேண்டும். ஒரு பிள்ளை விடுமுறையில் ஐந்து வாரம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, முழுசாகப் பள்ளிக்குத் திரும்பியதை எந்தப் பெயின்டில் எங்கே எழுத முடியும்? அதனால் அதற்குக் காசு வருவதில்லை. இனி உன் முன்னால் வருகிற காகிதத்தில் எங்காவது பெஞ்சைப் பார்த்தால், அதை யார் கேட்டது என்று விசாரி. கேட்டவர் மிக நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னால் இன்னொரு தரம் விசாரி.

இனி உன்னிடம் கேட்பது. அடுத்த மாதம் நயோமியின் விண்ணப்பம் முடிவுக்கு வரும் என்று சொன்னாய். பழைய அறிக்கை அப்படியே இருந்தால் இந்த வருடமும் அந்த வீடு திறக்காது. நயோமியின் முன்னறையில் எத்தனை பிள்ளைகள் படுக்க முடியும் என்று உனக்கே தெரியும். நீ அந்த விண்ணப்பத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிடு. அதற்கு முன் பழைய அறிக்கையைத் திருத்தி எழுது. அப்பா பொய் சொன்னார், நான் நம்பினேன், ஒரு நல்ல குழுவைக் கெட்டதாக எழுதிவிட்டேன் என்று மேலதிகாரிகள் முன்னால் நிற்பது சின்னக் காரியம் இல்லை, உன் வேலைக்கே அது உலை வைக்கலாம். அது தெரிந்துதான் நயோமி வாயைத் திறக்கவில்லை. அது தெரிந்தும் நான் கேட்கிறேன்.

திருத்தும்போது 'ஒரு நன்கொடையாளர்' என்று எழுதாதே, சாமி. 'சில சூழ்நிலைகளால்' என்றும் எழுதாதே. பெஞ்சு வாங்கச் சொன்னது என் அப்பா என்று என் பெயரைப் போட்டு எழுது. என்னைக் காப்பாற்ற நினைக்காதே. பாஸ்போர்ட் எடுத்தபோது உன் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், அதனால் 'இங்க கென்யாவுல எல்லாரும் என்னை உங்க பேர் சொல்லித்தாங்கப்பா கூப்பிடறாங்க' என்று முதல் வருடம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்படியென்றால் அந்த அறிக்கையின் அடியில், உன் கையெழுத்துக்குக் கீழே, என்ன பெயர் அச்சடித்திருக்கும் என்று பார். நயோமி ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தக் காகிதத்தைத்தான் வைத்திருக்கிறார். அவரைப் பொய்க்காரி என்று சொல்கிற காகிதத்தில் ஏற்கெனவே என் பெயர்தான் இருக்கிறது.

அப்பா